நாங்குப் பலகை

அண்டாவுக்கு அடியில் மரத்தூளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த வஜீதாவின் காதில், கொல்லைக் கதவுக்கு வெளியே அண்ணன் நூருல்லா மரவாடி ஆட்களிடம் பேசுவது விழுந்தது.

"மேல் தட்டுல சாக்கு போட்டு மூடி ஆறு பலகை இருக்கும். நாங்கு மரம். கீழ தேய்க்காம, ஒண்ணொண்ணா ரெண்டு பேரா தூக்கியாங்க."

கையிலிருந்த தூள் அடுப்பில் விழாமல் அவள் புடவையில் கொட்டியது. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

அத்தா பீர் முகம்மது அன்று விடியற்காலை பஜ்ர் பாங்கு முடிவதற்குள் போய்விட்டார். அறுபத்து நான்கு வயது. மூன்று மாதமாக நெஞ்சில் நீர் கட்டி, எடுத்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருந்த உடம்பு. அதனால் வீட்டில் அலறல் அதிகமில்லை. நடுக்கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். அம்மா பீபி ஜான் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊதுவத்திச் சாம்பல் பாயில் விழாமல் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் குளிப்பாட்டுவார்கள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

கபர்க் குழியில் மய்யித்தைக் கிடத்திய பிறகு, மண் நேரே மேலே விழாதபடி குறுக்காகப் பலகை அடுக்கி மூடுவது வழக்கம். ஊரில் எந்த முஸ்லிம் வீட்டில் மவுத்தானாலும் அந்தப் பலகை பீர் முகம்மது மரவாடியிலிருந்துதான் போகும். காசு கிடையாது. யாரும் கேட்டு வரவும் வேண்டாம். பள்ளிவாசலில் அறிவிப்பு கேட்டதுமே அத்தா எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டிப் பார்ப்பார். முடிச்சு இருந்தால் ஒதுக்குவார். "கீழ படுத்துக்கினவன் வந்து கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டான்னு கழிச்சதத் தள்ளிவிடக்கூடாது" என்பார். பத்து வருஷத்தில் எத்தனை பேரை அப்படி மூடி அனுப்பியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

ஆனால் தனக்கு அந்தப் பலகை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சொன்னது வஜீதாவிடம் மட்டும்.

முந்தாநாள் மத்தியானம். அவரைப் பார்த்துக்கொள்ளக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் வந்து மூன்று வாரமாகியிருந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்பூனைப் புறங்கையால் தள்ளினார்.

"எனக்கு வாடியிலேருந்து பலகை எடுக்க வேணாம், வஜீதா."

"இன்னா பேச்சுத்தா இது. கஞ்சியக் குடிங்க."

"காட்டு மரம் என் மேல வேணாம். கல்லு போடச் சொல்லு. கல்லு பட்டறை சகாதேவன்கிட்ட இருக்கும்."

"அண்ணாகிட்ட நீங்களே சொல்லுங்களேன்."

"அவன் அந்த ஆறு பலகையை வெச்சிக்கினு இருக்கறான்மா. நான் கடைசி லோடுல கொண்டாந்தது. எதுக்கு வெச்சிருக்கறான்னு எனக்குத் தெரியும். எப்படிச் சொல்றது?" மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ சொல்லிடறயா?" என்று கேட்டார்.

"சரித்தா" என்றாள். கஞ்சியைக் குடித்தால் போதும் என்றுதான் அப்போது சொன்னாள். அதற்கப்புறம் ஒரு முழு நாள் இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றி அண்ணனிடம் கபர்ப் பேச்சை எப்படி எடுப்பது என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தாள். இப்போது பலகை மேல் தட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கபரஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. பலகை இந்தக் கொல்லைப்படியைத் தாண்டிவிட்டால் அவள் சொன்ன சொல் சொல்லோடு போய்விடும்.

அடுப்பில் தீ ஏறியது. அத்தா ஏன் அப்படிச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அவள் அங்கே இருந்தவள்.

எழுபதாம் வருஷம் அவளுக்குப் பத்து வயது. ஆனைமலைக்கு அந்தப் பக்கம், மேற்கே சரிகிற மழைக்காட்டில் ஒரு டிம்பர் கான்ட்ராக்டரிடம் அத்தாவுக்கு மேஸ்திரி வேலை. அந்த வருஷம் வெட்டுவதற்கென்று ஏலத்தில் எடுத்த காட்டுத் துண்டைக் கூப்பு என்பார்கள். எந்த மரம் விழவேண்டும் என்று பார்த்து, பட்டையைச் செதுக்கி, சுத்தியலால் நம்பர் அடிப்பது அத்தாவின் வேலை. நூருல்லாவுக்குப் பதிமூன்று வயது. படிப்பு கெட்டுவிடுமென்று திருவண்ணாமலையில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். அம்மாவும் வஜீதாவும் அத்தாவோடு போனார்கள்.

மூங்கில் தட்டிக்குத் தார்ப்பாய் போட்ட குடிசை. பக்கத்தில் ஒரு ஓடை. உச்சி வெயில் நேரத்தில் அம்மா சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். அவ்வளவு இருட்டு, பச்சையான இருட்டு. திருவண்ணாமலைப் பாறையில் கால் சுட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஈரம் முதலில் பிடிக்கவில்லை. காலில் அட்டை ஏறாமலிருக்க அம்மா புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கட்டிவிடுவாள். அட்டை அதற்கு மேலே ஏறிக் கடிக்கும். பாவாடை காயாது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டும். ஒரு மாதம் அழுதாள். இரண்டாவது மாதம் ஊருக்கு அனுப்புகிறேன் என்றபோதும் அழுதாள்.

காடு மாடி மாடியாக இருந்தது. கீழே பிரம்பும் பெரணியும். அதற்கு மேலே ஒரு கூட்டம் மரம், அதற்கும் மேலே இன்னொரு கூட்டம். எல்லாவற்றையும் தாண்டிப் போனவற்றின் தலையை யாரும் பார்த்ததில்லை. தரையில் வெள்ளைப் பூவாகக் கொட்டிக் கிடக்கும். எந்த மரத்துப் பூ என்று அண்ணாந்தால் கழுத்துதான் வலிக்கும். மேல்மாடியில் கறுப்புக் குரங்குகள் குடும்பம் நடத்தின. அவை கீழே இறங்கி அவள் பார்த்தது இரண்டே முறை. மரம் விழுந்த பிறகுதான் தெரியும், கிளைகளின்மேல் ஒரு தோட்டமே இருந்திருக்கிறதென்று. பாசி, பெரணி, குட்டிக் குட்டிப் பூச்செடிகள், அந்த உயரத்தில் தண்ணீர் தேங்கிய பொந்து, அதற்குள் தவளைக் குஞ்சு. அவள் ஓடிப்போய் உள்ளங்கையில் அள்ளி ஓடையில் விடுவாள். அத்தா பார்த்தும் பார்க்காதவர்போல நோட்டில் நம்பர் எழுதுவார்.

ஒருநாள் காற்றில் சாய்ந்த மரத்தின் வேரைக் காட்டினார். நாலு ஆள் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரம். வேர் ஆழமாகப் போகாமல் பாய் விரித்த மாதிரி மேலாகப் படர்ந்திருந்தது. "மண்ணு ஒரு முழம் கூட இல்ல பாரு. எல்லாச் சத்தும் மரத்துலதான் இருக்குது. உதுந்த எலையைத் தானே தின்னுட்டு நிக்குது. இத எடுத்துட்டா இங்க இன்னா இருக்கும்?" என்றார். கேட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நம்பர் அடிக்கப் போனார். வேறு என்ன செய்வார். இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டது அந்தச் சுத்தியல் போட்ட சோறுதான்.

அங்கே என்ன இருக்கும் என்பதையும் அவர்களே பார்த்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் இறங்கியது. உண்ணிச்செடி மண்டியது. முதலில் தவளைச் சத்தம் குறைந்தது. அப்புறம், யாரும் நினைக்காத ஒன்று, அட்டையும் குறைந்தது. அம்மாகூட சந்தோஷப்படவில்லை. ஐந்தாம் வருஷம் பங்குனியில் ஓடை நின்றது. பாத்திரம் விளக்கப் போன அம்மா வெறும் கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தாள். அடுத்த மழைக்கு மேலிருந்து சிவப்புச் சேறு இறங்கிக் குடிசைக்குள் வந்தது. அரிசிப் பானையைத்தான் முதலில் தூக்கினார்கள்.

அதெல்லாம் பரவாயில்லை. அத்தாவை அடித்தது அறுநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் மரம்.

நம்பர் அடிக்கிறவன் மரத்தைச் சுற்றி ஒரு தரம் நடக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே பொந்தா கெட்டியா என்று சத்தத்தில் தெரியும். அந்த நாங்கு மரம் கெட்டியாகப் பேசியது. சரிவு செங்குத்து, மழை வேறு. வழக்கமாகக் கூட வந்து மேலே பார்த்துச் சொல்லும் மலைக்காரர் ராமனுக்குக் காய்ச்சல். அத்தா மேட்டுப்பக்கம் நின்றபடியே செதுக்கி, அடித்து, எழுதிவிட்டார். பள்ளத்துப்பக்கம் போகவில்லை. அந்தப் பக்கம் கிளை பிரிகிற உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் இருவாச்சிப் பறவை.

பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழைகிற அளவுக்குத்தான் சந்து விடும். இறகை உதிர்த்துவிட்டு, முட்டையை வைத்துக்கொண்டு, குஞ்சு வளரும்வரை வெளியே வராது. ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டும். மரம் விழுந்து பிளந்தபோது உள்ளே தாயும் ஒரு குஞ்சும். தாய்க்கு உயிர் இருந்தது, பறக்க இறகில்லை. சாயங்காலத்துக்குள் அதுவும் போயிற்று.

ஆண் நாலு நாள் வந்தது. அது வருவது தூரத்திலேயே தெரியும். இறக்கைச் சத்தம் அப்படி. மூக்கில் பழத்தோடு, மரம் நின்ற இடத்தில் வெறும் ஆகாயத்தைச் சுற்றும். அத்தா அந்த நாலு நாளும் வேலைக்குப் போனார், வந்தார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். ஐந்தாம் நாள் அது வரவில்லை. அன்றைக்குத்தான் அத்தா அழுததை அவள் பார்த்தாள். "ஒரு சுத்து நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அந்த வேலையில்தான் இருந்தார். எழுபத்தாறில் கணக்கை முடித்துக்கொண்டு, கடைசி லோடு மரத்தோடு லாரியிலேயே திருவண்ணாமலைக்கு வந்து இறங்கி, இந்த வாடியைப் போட்டார். காட்டைப் பற்றிப் பேச மாட்டார். சாயங்காலத்தில் எதிரே மொட்டையாக நிற்கும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேலேயிருந்து பெண்கள் சுள்ளிக்கட்டோடு இறங்கி வருவார்கள். "இதுவும் மூடித்தான் இருந்திருக்கும்" என்று ஒருதரம் சொன்னார். அவ்வளவுதான்.

கொல்லையில் பலகை இறக்கும் சத்தம் கேட்டது. வஜீதா எழுந்து புடவையை உதறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

ஆறு பலகையும் கிணற்றடிச் சுவரில் சாய்ந்திருந்தன. பத்து வருஷம் காய்ந்து, செங்கறுப்பாக, ஒரு வெடிப்பில்லாமல். நூருல்லா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஈரத்துணியால் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆட்களை அனுப்பிவிட்டிருந்தான். பிள்ளையைத் துடைப்பதுபோல் அவ்வளவு பதமாகத் துடைத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குத் திரும்பி உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"அண்ணா."

"வெந்நீர் ஆயிடுச்சா?"

"இந்தப் பலகை வேணாம்ணா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தா சொன்னாரு. காட்டு மரம் போட வேணாம், சகாதேவன்கிட்ட வாங்கி கல்லு போடணும்னு. முந்தாநாள் சொன்னாரு. நான்தான் உங்கிட்ட சொல்லல."

நூருல்லா துணியைப் பிழிந்தான். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தான்.

"ஜுரத்துல இன்னாவோ சொல்லியிருப்பாரு."

"தெளிவா இருந்தாரு."

"பத்து வருஷமா விக்காம வெச்சிருக்கறேன் வஜீதா. வேங்கிக்கால்ல வீடு கட்றவங்க எத்தினி பேரு வந்து கேட்டாங்க. தரல. அத்தா கையால கொண்டாந்ததுன்னு..." பலகையின் ஓரத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்தான். "ஊருக்கெல்லாம் பலகை குடுத்த மனுசன். அவருக்குக் கல்லைப் போட்டு மூடினா, புள்ள ஒரு பலகைக்குக் கூட ஆகலன்னு பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க."

"அப்புறம்?"

உள்ளே யாரோ யாசீன் ஓதத் தொடங்கியிருந்தார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல அவரு?" நூருல்லா கேட்டான். இதுதான் அவனைக் குத்துகிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "தெனமும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். மூத்திரம் வாரியிருக்கறேன். எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? எப்பவும் உங்கிட்டதான். சின்ன வயசுலேருந்து உங்கிட்டதான்."

"உனக்காகத்தான் சொல்லல. நீ இந்த ஆறையும் எதுக்கு வெச்சிருக்கறன்னு அவருக்குத் தெரியும்ணா. எப்படிச் சொல்றதுன்னு கேட்டாரு. உன் மனசு நோகும்னு வாயைக் கட்டிக்கினாரு. உன்னப் பாத்துதான் பயந்தாரு, என்னப் பாத்து இல்ல."

நூருல்லா பலகையில் கையை வைத்தபடி இருந்தான். கொல்லைக் கதவில் நிழல் விழுந்தது. அம்மா. கையில் இன்னும் ஊதுவத்திச் சாம்பல். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அந்த மனுசன் கண்ண மூடினா பறவை சத்தம் கேக்குதுன்னு எழுந்து உக்காருவாரு, நூரு" என்றாள். "பன்னெண்டு வருஷம். நான் விளக்கைப் போடுவேன், தண்ணி குடுப்பேன். நீ குடுக்கறது நல்ல பலகைதான் கண்ணு. அவரத் தூங்க விடு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். நூருல்லா துணியை வாளியில் போட்டான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சந்து வழியாகப் போனான்.

அரை மணி நேரத்தில் நூருல்லாவோடு மாட்டுவண்டி வந்து நின்றது. அவலூர்பேட்டை ரோட்டில் கல் பட்டறை வைத்திருக்கும் சகாதேவன், தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வண்டியில் வைக்கோலுக்கு நடுவே ஆறு கருங்கல் பலகை.

"பாய் போன மாசமே வந்து அளந்துட்டுப் போனாரும்மா" என்றார் வஜீதாவைப் பார்த்து. "யார் வீட்டு ஜன்னலுக்குன்னு கேட்டேன். சொல்லல. ஓரமெல்லாம் கொத்திட்டேன், கை கிழிக்காது."

பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் வண்டியை எட்டிப் பார்த்தார். "இன்னா நூருல்லா, வாடி வீட்லேருந்து கல்லா போவுது?"

வஜீதா கதவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"அத்தாவோட ஆசைங்க" என்றான் நூருல்லா. "எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு."

அது பொய். அதைவிட நல்ல பதிலை அன்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. மய்யித்தைச் சுமந்த சந்தூக்கு கிளம்பியபோது தெரு முழுக்கக் கலிமா சத்தம் நிறைந்தது. அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவளைப் பிடித்துக்கொண்டு வஜீதாவும் அழுதாள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அம்மா பாயில் சுருண்டு தூங்கிவிட்டாள். நூருல்லா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை மண். வஜீதா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆறும் சரியா உக்காந்துச்சு" என்றான். "அளவு ஒரு நூல் தப்பல."

"ம்."

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"நான் அந்தக் காட்டைப் பாத்ததே இல்ல, வஜீதா. லாரியிலேருந்து எறங்குது பாரு, அதுதான் எனக்கு மரம். நின்னுக்கினு இருக்கறத ஒண்ணுகூடப் பாத்ததில்ல. உங்களக் கூட்டிக்கினு போனாரு. எனக்கு லெட்டர்ல, கணக்குல எத்தினி மார்க்குன்னு கேப்பாரு. நான் எழுதுவேன். அவ்ளோதான்." பிறகு, வெட்கப்பட்டவன்போல, தம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அங்க எப்படி இருக்கும்?"

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பறவையிலிருந்து வேண்டாம். நின்றுபோன ஓடையிலிருந்தும் வேண்டாம்.

"மழை விட்டா அங்க விடாதுண்ணா."

"அப்படின்னா?"

"வானம் விட்டுரும். மேல வெளிச்சம்கூட வந்துரும். ஆனா கீழ நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் பெய்யும். மேல் மரத்து எலையிலேருந்து கீழ் மரத்துக்கு, அங்கேருந்து அதுக்குக் கீழ இருக்கறதுக்கு, அப்படியே எறங்கி எறங்கி வரும். நான் மழை விட்டுருச்சுத்தா, குடைய மடிங்கன்னு சொல்லுவேன். மடிக்க மாட்டாரு. இல்லம்மா, வந்துக்கினுதான் இருக்குது, மெதுவா வரும்னு சொல்லுவாரு."

நூருல்லா நகர்ந்து உட்கார்ந்து படியில் இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். பின்னால் வாடியில் அன்றைக்கு ரம்பம் ஓடவில்லை. அவள் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.